ஏழாம் மலை

நான் சொன்ன முதல் விலையை மறுபேச்சில்லாமல் எடுத்து நீட்டிய ஒரே ஆள் ஜீவராணி டீச்சர்தான். அதனால் எனக்கு வந்த கஷ்டத்தை எந்த வியாபாரிக்கும் சொல்லிப் புரியவைக்க முடியாது.

பசறை பஸ் நிலையத்துக்கு எதிரே, 'மரியநாயகம் அன் சன்' என்ற பலகைக்குக் கீழே பழைய சாமான் விற்கிறேன். மரியநாயகம் கல்லறையில் இருக்கிறார். சன் நான்தான், ஜெஸ்டின். தோட்டத்துப் பங்களாக்களில் கழித்துக் கட்டும் ஓடாத கடிகாரம், கை உடைந்த சாய்மனை நாற்காலி, துரைசாணி முகம் பார்த்த கண்ணாடி எல்லாம் எங்களிடம் வந்து, துடைக்கப்பட்டு, ஒரு கதையும் கட்டப்பட்டு, சுற்றுலாப் பயணிகள் வரும் எல்ல ஊர் ஹோட்டல்களுக்குப் போகும். சாமானைவிடக் கதைக்குத்தான் விலை. எனக்கு வயது முப்பத்தெட்டு. கல்யாணம் ஆகவில்லை. பெண் பார்க்கப் போன வீடுகளில் சுவர்க் கடிகாரத்துக்கு விலை கேட்டேன் என்று ஊரில் ஒரு பேச்சு உண்டு. இரண்டு வீட்டில்தான் கேட்டேன்.

ஐப்பசி மழை விடாமல் பிடித்திருந்த ஒரு சனிக்கிழமை அவள் வந்தாள். முதுகில் மாட்ட வேண்டிய பள்ளிக்கூடப் பையை நெஞ்சோடு அணைத்துப் பிடித்திருந்தாள். மூலையில் சாய்ந்திருந்த கைத்தடி ஒன்றை எடுத்துத் தரையில் ஊன்றிப் பார்த்தாள்.

"இது என்ன விலை, முதலாளி?"

"மூவாயிரம்."

அவள் ஆயிரம் கேட்பாள், நான் நெஞ்சில் கை வைப்பேன், ஆயிரத்து அறுநூறில் இருவரும் சிரித்துக்கொண்டே முடிப்போம் என்று மனதுக்குள் நாற்காலி போட்டு உட்கார்ந்துவிட்டேன். அவள் மூன்று தாள்களை எடுத்து மேசையில் வைத்தாள். பூட்டியிருக்கும் என்று தோளால் மோதிய கதவு திறந்தே கிடந்தால் ஆள் எப்படிப் போய் விழுவான், அப்படி விழுந்தேன்.

"கொறைச்சுக் கேக்க மாட்டீங்களா?"

"குறைக்கலாமெண்டால் நீங்கள் முதலே குறைச்சுத்தானே சொல்லியிருப்பீங்கள்?"

வடக்குப் பேச்சு. வவுனியாவில் கணக்குப் படிப்பிக்கிறாளாம். பக்கத்துப் புடவைக் கடை இத்ரூஸ் நானா வாசலில் நின்று இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"தம்பி, இந்தப் புள்ளய எங்கட கடப் பக்கம் அனுப்பிராத," என்றார். "எனக்கு நெஞ்சுல ஏற்கெனவே ஒரு அடைப்பு இருக்கி."

அவள் சிரிக்கவில்லை. "நமுனுகுல மலைக்கு வழி காட்ட ஆள் கிடைக்குமோ?" என்று கேட்டாள்.

"எதுக்கு டீச்சர், படம் பிடிக்கவா?"

பையின் முன்னறையிலிருந்து நாலாய் மடித்த கொப்பித் தாள் ஒன்றை எடுத்து நீட்டினாள். கை நடுங்கி எழுதிய எழுத்து. எங்கள் பக்கத்துப் பேச்சு.

"மகளுக்கு. பாக்கியம் நமுனுகுல ஏழாம் மலையில தனியா இருக்கா. சாமிக்கல்லுக்குப் பின்னால, கானுக்கு மேல. என்னைய அங்க கொண்டு போய் அவ பக்கத்துல போட்டுரு. அவளுக்குத் தனியா இருக்கப் பயம்."

"பாக்கியம் யாரு?"

"அப்பான்ர தங்கச்சி. பாக்கியலெட்சுமி. எட்டு வயசு."

எழுபத்தேழாம் ஆண்டு இனக் கலவரத்தின்போது நடந்தது அது. அவளுடைய அப்பா இராசையாவுக்கு அப்போது பதினைந்து வயது. பாக்கியத்துக்குக் காய்ச்சல். ஆஸ்பத்திரிக்குப் போகும் ரோட்டில் கும்பல் நின்றது. பிள்ளை இறந்த பிறகு, சுடுகாட்டுக்குப் போகும் பாதையிலும் நின்றது. தகப்பனும் அண்ணனும் கிடைத்த இடத்தில் குழி வெட்டிப் புதைத்துவிட்டு, மறுநாள் காலை லொறியில் ஏறினார்கள். வவுனியாவில் இறங்கிய இராசையா அதற்குப் பிறகு மலைப்பக்கமே வரவில்லை. பிள்ளைகளிடம் தோட்டத்தைப் பற்றி ஒரு சொல் பேசியதில்லை. செத்த பிறகுதான் இந்தத் தாள் தலையணைக்குள் இருந்தது தெரிந்திருக்கிறது. மற்றதெல்லாம் அவளுடைய அம்மா சொன்னது.

"அப்பா இப்ப..." என்று இழுத்தேன்.

அவள் பையைக் கொஞ்சம் திறந்து காட்டினாள். சிவப்புத் துணியால் வாய் கட்டிய சின்ன மண்முட்டி. "செவ்வாய்க்கிழமை வீட்டில முப்பத்தோராம் நாள் காரியம். திங்கள் பின்னேரம் பதுளையில பஸ் எடுக்கவேணும். அதுக்குள்ள இவரை அங்க வைக்கவேணும்."

பிறகு இன்னொரு தாளை விரித்தாள். அதில் அடிமட்டம் வைத்துக் கோடு கீறி, ஒன்பது கூம்புகள் வரைந்து, ஒன்றிலிருந்து ஒன்பது வரை இலக்கம் போட்டிருந்தாள். "நமுனுகுல எண்டால் சிங்களத்தில ஒன்பது சிகரம். கிழக்கிலயிருந்து எண்ணினால் ஏழாவது இது," என்று பென்சிலால் தொட்டாள்.

இங்கேதான் ஒரு சொல்லைப் பற்றிச் சொல்ல வேண்டியிருக்கிறது. தோட்டத்தில் மலை என்றால் மலை அல்ல. தேயிலைக் காட்டைத் துண்டு துண்டாகப் பிரித்து நம்பர் போட்டிருப்பார்கள். அந்தத் துண்டுக்குப் பெயர்தான் மலை. "இன்னைக்கு எந்த மலை?" என்று ஒருத்தி கேட்டால், எந்தத் துண்டில் கொழுந்து எடுக்கிறாய் என்று அர்த்தம். சம தரையில் வளர்ந்த பெண்ணுக்கு இது எப்படித் தெரியும்? இராசையா பிறந்தது கறுப்புப் பாலத் தோட்டத்தில் என்று கடிதத்தோடு அவள் காட்டிய பிறப்புச் சான்றிதழ் சொன்னது. அந்தத் தோட்டத்து ஏழாம் மலைக்கு பஸ்ஸை விட்டு இறங்கிப் பத்து நிமிஷம் நடந்தால் போதும். செருப்பில் மண்கூட ஒட்டாது.

எனக்கு இது அந்தத் தாளைப் படித்த கணமே தெரியும். அது மட்டுமல்ல. அவள் தலைக்குப் பின்னால், என் கடைச் சுவரில், ஆயிரத்துத் தொளாயிரத்து இருபத்தாறில் வரைந்த கறுப்புப் பாலத் தோட்டத்து நிலப்படம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு துண்டிலும் சிவப்பு மையில் நம்பர். அவள் வலது காதுக்குப் பக்கத்தில் '7' என்று கொட்டை எழுத்தில் தெரிந்தது. அந்தத் தோட்டத்தை நடத்தும் துரை அந்தப் படத்தை மூன்று தரம் விலை கேட்டிருந்தார், மூன்று தரமும் நான் விலையை ஏற்றி அனுப்பியிருந்தேன்.

நான் வாயைத் திறந்தேன். ஆனால் கடையில் வளர்ந்தவன் வாய்க்கு ஒரு பழக்கம் உண்டு. வந்தவருக்கு என்ன தெரியாது என்று கண்டுபிடித்தவுடன் அது தானாக மூடிக்கொள்ளும்.

"வழி காட்ட நானே வாறேன் டீச்சர்," என்றேன்.

"எவ்வளவு?"

"ஐயாயிரம்."

"சரி," என்றாள். எனக்கு வெட்கமாக இருந்தது. அது புதுப் பழக்கம். எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

*

ஞாயிறு காலை ஐந்தரைக்கு என்று சொல்லியிருந்தாள். ஐந்தரை என்றால் ஆறு என்று நினைத்து ஐந்தே முக்காலுக்குப் போனேன். தான் தங்கியிருந்த கொன்வென்ட் வாசலில் கைத்தடியோடு நின்றவள் மணிக்கூட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். பள்ளிக்கூடத்தில் வாங்கிய அடியெல்லாம் ஞாபகத்துக்கு வந்தது.

"முதல்ல தோட்டத்தில கேட்டுப் பாப்பமோ?" என்றாள் பஸ்ஸில்.

"ஞாயித்துக்கிழமை யாரு இருப்பாங்க டீச்சர், எல்லாரும் டவுனுக்கு வந்திருப்பாங்க," என்றேன். கறுப்புப் பாலத்தில் பஸ் நின்றபோது பத்துப் பேர் ஏறினார்கள், பன்னிரண்டு பேர் இறங்கினார்கள். நான் ஜன்னலுக்கு வெளியே மேகத்தைக் காட்டிப் பேசிக்கொண்டிருந்தேன்.

மலையின் மற்றப் பக்கத்தால் ஏறினோம். மானாப்புல் ஆள் உயரம். மழை நின்றாலும் புல் நிற்கவில்லை, கழுத்து வரை நனைத்தது. கீழே அட்டை. அட்டை ஏறாமல் இருக்க நான் இருவர் காலிலும் சவர்க்காரத்தை அப்பிவிட்டிருந்தேன். அட்டைகள் அதையும் சேர்த்துச் சாப்பிட்டன.

"இருபத்து மூண்டு," என்றாள் ஓரிடத்தில் நின்று.

"எது டீச்சர்?"

"என்ர காலில கடிச்சது. உங்களுக்கு?"

"நான் எண்ணல."

"எண்ணாட்டில் குறைஞ்சிடுமோ?"

வழி நெடுக நான்தான் பேசினேன். ஓடாத கடிகாரத்துக்குச் சொல்லும் கதைகளை மலைக்குச் சொன்னேன். இந்த ஒற்றையடிப் பாதை ஒரு வெள்ளைத் துரை குதிரைக்காக வெட்டியது, அவன் கங்காணி மகளைக் கூட்டிக்கொண்டு இந்த வழியாகத்தான் ஓடினான், குதிரை பாதியில் படுத்துக்கொண்டது, மீதித் தூரம் அவள் அவனைத் தூக்கிக்கொண்டு போனாள் என்றேன்.

"எந்த ஆண்டு?"

"ஆயிரத்து எண்ணூத்து எண்பத்தேழு."

இன்னும் கொஞ்சம் ஏறிய பிறகு, பின்னாலிருந்து என்னை நம்பி வருகிறவளுக்கு மூச்சு வாங்காமல் இருக்கட்டும் என்று அதே கதையை மறுபடியும் நீட்டினேன். "தொண்ணூறாம் ஆண்டு அந்தத் தொரை..."

"முதல் எண்பத்தேழு எண்டீங்கள்."

"ஓடத் தொடங்கினது எண்பத்தேழு டீச்சர். தூக்கிக்கிட்டுப் போனதால லேட்டாயிருச்சு."

அப்போது ஒரு சத்தம் கேட்டது. திரும்பிப் பார்த்தேன். அவள் கைத்தடியில் நெற்றியை வைத்துக்கொண்டு சிரித்தாள். பையை மட்டும் அசையவிடாமல் பிடித்துக்கொண்டே சிரித்தாள். அதோடு என் கதை முடிந்தது என்று வைத்துக்கொள்ளலாம்.

அவளுடைய ஏழாவது சிகரத்தில் மூடுபனியும் ஒரு செத்த மரமும் இருந்தன. முட்டியை வெளியே எடுத்து ஒரு கல்லில் வைத்து, தன் குடையை அதற்குப் பிடித்தாள். தான் நனைந்தாள்.

"அப்பா வீட்டில லைட்டை நூக்க விடமாட்டார்," என்றாள். "படுக்கேக்கையும் எரியவேணும். அம்மா சண்டை பிடிப்பா. நாங்கள் பிள்ளையள் பகிடி பண்ணுவம், இவ்வளவு பெரிய மனுசனுக்கு இருட்டெண்டால் பயமெண்டு. அவர் ஒண்டும் சொல்லமாட்டார். இந்தக் கடிதத்தைப் பாத்தாப் பிறகுதான் விளங்கினது. அவர் தனக்காக எரிக்கேல்லை."

சாமிக்கல் தேடுகிறவன் மாதிரி நான் அந்த மரத்தைச் சுற்றி நடந்தேன்.

அங்கே சாமிக்கல் இல்லை. கானும் இல்லை. தண்ணீர் ஓடுகிற கானை உச்சியில் யார் வெட்டுவார்கள்? அவள் தாளை விரித்து, மழைத்துளி படாமல் முதுகால் மறைத்துக்கொண்டு யோசித்தாள்.

"மேற்கிலயிருந்து எண்ணவேணுமோ? அப்பிடியெண்டால் ஏழாவது மற்றது." பென்சில் கிழக்குப் பக்கத்து மூன்றாவது கூம்பில் போய் நின்றது.

அந்த இடத்தில் நான் சொல்லியிருக்க வேண்டும். ஞாயிறு பகல் ஒரு மணி. நேரம் இருந்தது. இறங்கினால் மூன்று மணிக்குள் கறுப்புப் பாலம். ஆனால் சொன்னால் அவள் முட்டியை வைத்துவிட்டு அன்று மாலையே போய்விடுவாள். நான் சிரிக்கவைத்த அந்தச் சிரிப்பும் பஸ்ஸில் ஏறிப் போய்விடும்.

"இருக்கலாம் டீச்சர்," என்றேன். "நாளைக்குக் காலையில அதுல ஏறிப் பாத்துருவோம்."

மாலையில் கடைக்கு வந்தபோது இத்ரூஸ் நானா என் கால்களைப் பார்த்தார்.

"ஏழாம் மலைக்கிப் போக எதுக்குடா மலையில ஏறினீங்க?"

நான் குனிந்து அட்டைக் கடிகளைக் கழுவினேன். அவருக்கு விளங்கிவிட்டது. நாற்பது வருஷமாகத் தோட்டத்து ஆட்களுக்குப் புடவை விற்கிறவர்.

"தம்பி, மையத்துக் காரியத்துல வெளயாடாத. இப்பவே கொன்வென்டுக்குப் போய்ச் சொல்லிரு."

"நாளைக்குச் சொல்றேன் நானா."

"நாளைக்கி வெல கூடும்டா," என்றார்.

*

திங்கள் காலை ஐந்து இருபதுக்கே வாசலில் நின்றேன். அவள் மணிக்கூட்டைப் பார்த்து, தலையை ஒரு தரம் ஆட்டினாள். அந்த ஆட்டலை வைத்துக்கொண்டு மலை முழுதும் ஏறினேன்.

பதினொரு மணிக்கு உச்சிக்குப் போய்ச் சேர்ந்தோம். அவள் பையைத் தோளில் போட்டுக்கொண்டு ஒவ்வொரு கல்லாகக் குனிந்து பார்த்தாள். குங்குமம் இருக்கிறதா, எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று விரலால் தடவினாள். ஒரு கல்லுக்குப் பின்னால் முழங்காலில் நின்று புல்லை விலக்கிப் பார்த்தாள். எழுந்து அடுத்ததற்குப் போனாள். நேற்று முழுதும் நேராக நின்ற முதுகு இன்று வளைந்திருந்தது. நேரம் முடிந்துகொண்டிருப்பது அவளுக்குத் தெரியும்.

அப்போது பனி விலகியது. திரை இழுத்த மாதிரி, கீழே கறுப்புப் பாலத் தோட்டம் முழுதும் தெரிந்தது. பாலம், தொழிலாளர் லயங்களின் தகரக் கூரைகள், தேயிலைப் பாத்திகள். அந்தப் பச்சைக்குள் மஞ்சளாக ஒன்று அசைந்தது. மண் தோண்டும் பெக்கோ இயந்திரம். அதற்குப் பின்னால் ஒரு துண்டு முழுதும் உரித்த தோல் மாதிரிச் செம்மண்ணாகக் கிடந்தது. பழைய தேயிலையை வேரோடு பிடுங்குகிறார்கள். என் கடைச் சுவரில் பத்து வருஷமாகப் பார்க்கிற படம்தான், ஆகவே நான் எண்ண வேண்டியிருக்கவில்லை. பிடுங்கியிருந்தது ஆறாம் மலை. இயந்திரத்தின் மூக்கு ஏழாம் மலையைப் பார்த்துத் திரும்பிக்கொண்டிருந்தது.

"டீச்சர்."

அவள் ஒரு கல்லைத் தடவிக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், கல்லை விடுங்க. இங்க வாங்க. அந்த மஞ்ச மெசின் தெரியுதா? அது நிக்கிறது ஆறாம் மலை. அதுக்கு இந்தப் பக்கம், அந்த ஒத்தச் சவுக்கு மரம் நிக்குதே, அதுதான் ஏழாம் மலை."

"அது மலையில்லை. தேயிலை."

"தோட்டத்துல அதத்தான் மலைன்னு சொல்லுவாங்க."

அவள் கீழே பார்த்தாள். பையிலிருந்து கடிதத்தை எடுத்தாள். அதை வாசிக்கவில்லை, சும்மா கையில் வைத்திருந்தாள்.

"உங்களுக்கு எப்பயிருந்து தெரியும்?"

இப்போதுதான் ஞாபகம் வந்தது என்று சொல்லியிருக்கலாம். நம்பியிருப்பாள். மூவாயிரத்தை நம்பியவள். அந்தப் பதில் நாக்கின் நுனியில், துடைத்துப் பளபளப்பாக, விற்பதற்குத் தயாராக இருந்தது.

"கடையில நீங்க காயிதத்த நீட்டினீங்களே, அப்பயிருந்து."

"நேற்றும்?"

"நேத்தும்."

அவள் கத்துவாள் என்று காத்திருந்தேன். கத்தியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். கடிதத்தை அதே மடிப்பில் மடித்து வைத்தாள். பையை முன்பக்கமாக மாட்டிக்கொண்டாள். கைத்தடியை என்னிடம் நீட்டினாள்.

"இது உங்கட. இறங்குற வழி எது?"

பிறகு அவள் எனக்கு முன்னால் இறங்கினாள். இரண்டு இடத்தில் சறுக்கினாள். இரண்டு தரமும் கையைப் பையின் மேல் வைத்துக்கொண்டு முதுகால் விழுந்து, தானாக எழுந்தாள். நான் ஓடிப்போய்க் கை நீட்டியதை அவள் பார்க்கவில்லை, அல்லது பார்த்தாள்.

பாதி வழியில் போனுக்கு சிக்னல் வந்தது. தோட்டத்துத் துரைக்கு அடித்தேன். இளம் வயது, சிங்களவர், தமிழ் நன்றாகவே பேசுவார்.

"சேர், பசறைக் கடை ஜெஸ்டின். கடைச் சுவத்துல இருக்கிற அந்த மெப் உங்களுக்குத்தான்."

"இப்ப எவ்வளவு கூட்டியிருக்கீங்க?"

"சும்மா."

"ஏன், கிழிஞ்சு போச்சா?"

"இல்ல சேர். பெக்கோவ நிப்பாட்டுங்க. ஏழாம் மலையில சாமிக்கல்லுக்குப் பின்னால ஒரு புள்ளயப் பொதைச்சிருக்கு. சொந்தக்காரங்க வந்திருக்காங்க. அந்த மூலைய மட்டும் விட்டுருங்க. மெப்ப இன்னைக்கே கொண்டாந்து உங்க சுவத்துல ஆணி அடிச்சு மாட்டித் தாறேன்."

"மெப் இல்லாட்டியும் நிப்பாட்டுவேன்தானே ஜெஸ்டின்," என்றார் அவர். "ஆனா மெப்பும் கொண்டு வாங்க."

*

நாங்கள் ஓடி இறங்கியபோது இயந்திரம் ஏழாம் மலைக்குள் நாலு பாத்தி ஏறியிருந்தது. வாளியை உயர்த்தியபடி, எஞ்சின் அணைந்து, அப்படியே நின்றது. அதற்கு நேர் முன்னால் கானின் விளிம்பில் ஒரு மனிதர் குடை பிடித்துக்கொண்டு சம்மணமிட்டிருந்தார். காவல்காரர் ரெங்கசாமி. டிரைவர் ஆசனத்திலிருந்து இறங்காமல் பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"இந்த மனுசன் ஒரு மணித்தியாலமா எந்திரிக்க மாட்டேங்குறாரு," என்று என்னிடம் முறையிட்டான். "இப்பதான் தொரை கோல் எடுத்தாரு. எனக்கு முன்னயே சொல்லியிருந்தா நான் அந்தப் பக்கத்துல தொடங்கியிருப்பேன்."

"ஒனக்கு நான் சொல்லல? பாப்பா செடியத் தொடாதன்னு தொண்ட கிழியச் சொன்னேன்," என்றார் ரெங்கசாமி. பிறகு அவளைப் பார்த்தார். "யாரும்மா?"

"இராசையான்ர மகள்," என்றாள் அவள். அவருடைய முகத்தில் ஒன்றும் அசையாததைப் பார்த்து, "பாக்கியத்தின்ர அண்ணன்ர மகள்," என்றாள்.

"யாரு பாக்கியம்?"

அவள் பதில் சொல்லாமல் அவருக்குப் பின்னால் பார்த்தாள். கானுக்கு மேலே, மஞ்சள் பூசிய முழங்கால் உயரக் கல். அதற்குப் பின்னால், இடுப்பளவுக்கு வெட்டி வைத்த தேயிலைக்கு நடுவில், ஒரே ஒரு செடி மரமாக வளர்ந்து நின்றது. இரண்டு ஆள் உயரம். வெள்ளைப் பூ உதிர்ந்து கல்லின் மேலும் கிடந்தது. தேயிலையைக் கிள்ளாமலும் கவ்வாத்து வெட்டாமலும் விட்டால் அது மரமாகும். ஆனால் எந்தத் தோட்டமும் விடாது.

ரெங்கசாமி எழுந்து நின்றார். முழங்கால் சத்தம் போட்டது.

"பேரு பாக்கியமா?" என்றார் மெதுவாக. "எங்களுக்குப் பேரு தெரியாதும்மா. நாங்க எண்பத்தொண்ணுல இந்தத் தோட்டத்துக்கு வந்தோம். சின்னப் புள்ள ஒண்ணு படுத்திருக்குன்னு மட்டும் சொன்னாங்க. பாப்பான்னுதான் கூப்புடுவோம். இந்தச் செடியில ஒருத்தரும் கொழுந்து எடுக்க மாட்டாங்க. இந்த மலைக்கு வர்ற அன்னைக்கு, மொதப் புடிக் கொழுந்த இங்க போட்டுட்டு, பாப்பா தள்ளிக்கன்னு சொல்லிட்டுத்தான் கைய வைப்பாங்க."

அவள் கல்லுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். கல்லின் அடியில் எண்ணெய்க் கறுப்புப் படிந்த சிட்டி விளக்குகள் கிடந்தன. அடுக்கி வைத்த மாதிரி ஏழெட்டு.

"இது?"

"வெள்ளிக்கிழமையில பொம்பளைங்க ஏத்திட்டுப் போவாங்க. வேல முடிஞ்சு போற நேரம்." அவர் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார். "சின்னப் புள்ளதானம்மா. இருட்டுல பயந்துக்கும்ல."

ஜீவராணி டீச்சர் அப்போதுதான் அழுதாள். பையைக் கட்டிப்பிடித்துக்கொண்டு, சத்தமாக, பக்கத்தில் யார் நிற்கிறார்கள் என்று பார்க்காமல் அழுதாள். டிரைவர் பீடியை அணைத்துவிட்டு இறங்கி நின்றான். "அப்பா, அவ தனிய இருக்கேல்லை," என்று பைக்குள் பார்த்துச் சொன்னாள். "கேக்குதோ? தனிய இருக்கேல்லையாம்."

பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு ரெங்கசாமியிடம் மம்மட்டி கேட்டாள். நான் கை நீட்டினேன். என்னைத் தாண்டிப் போய் வாங்கிக்கொண்டாள். செடியின் வேருக்கு ஒரு முழம் தள்ளி அவளே வெட்டினாள். கல்லும் வேரும் கலந்த மண். வவுனியா மண் இல்லை. பத்து வெட்டில் உள்ளங்கை கிழிந்தது. அவள் நிறுத்தவில்லை. நான் கைத்தடியைப் பிடித்துக்கொண்டு நின்றேன். அந்தத் தோட்டத்திலேயே மிகவும் பயனற்ற சாமான் நான்தான். எனக்கு யார் கதை கட்டி விற்பார்கள்?

முழங்கை ஆழம் வந்தபோது அவள் நிமிர்ந்தாள். மூச்சு வாங்கியது. என்னைப் பார்க்காமல், மம்மட்டியின் பிடியை மட்டும் என் பக்கமாகச் சரித்தாள்.

நான் வாங்கி வெட்டினேன். ஒரு சொல் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்களுக்கு அது எவ்வளவு பெரிய வேலை என்று தெரியும்.

முட்டியை இறக்கி வைத்தபோது மணி இரண்டு. ரெங்கசாமி ஒரு பிடிக் கொழுந்து கிள்ளிப் போட்டார். டிரைவரும் போட்டான். அவள் பையிலிருந்து சின்ன விளக்கொன்றை எடுத்தாள். வீட்டிலிருந்தே கொண்டுவந்திருக்கிறாள். காற்றுக்கு அது மூன்று தரம் அணைந்தது. நாலாவது தரம் ரெங்கசாமியின் குடையை நான் சாய்த்துப் பிடித்தேன். நின்று எரிந்தது.

*

பதுளை பஸ் நிலையத்தில் வவுனியா பஸ் எஞ்சினைப் போட்டுக்கொண்டு நின்றது. அவள் ஜன்னல் ஓரத்தில் உட்கார்ந்தாள். பை இப்போது வெறும் பையாகக் காலடியில் கிடந்தது. நான் கீழே நின்று கைத்தடியை நீட்டினேன்.

"இது உங்க சாமான். காசு குடுத்து வாங்கினீங்க."

வாங்கி மடியில் வைத்துக்கொண்டாள். ஒரு நிமிஷம் அதன் பூணைத் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"நீங்கள் சனிக்கிழமையே சொல்லியிருந்தால் பத்து நிமிசத்தில முடிஞ்சிருக்கும்."

"ஆமாங்க."

"இண்டைக்குப் பனி விலகியிராட்டில்?"

இன்றைக்கும் சில நாட்களில், கடை திறக்கும்போது, மஞ்சள் இயந்திரம் இன்னும் நாலு பாத்தி ஏறி வருவது கண்ணுக்குள் தெரியும்.

"டீச்சர், நான் வவுனியாவுக்கு வந்தா... ஒரு தடவ வந்து பாக்கலாமா?"

அவள் நெடுநேரம் யோசித்தாள். கணக்கை மனதுக்குள்ளேயே செய்து முடித்துவிட்டு விடையை மட்டும் சொல்கிறவள்.

"அப்பான்ர ஆட்டைத் திவசம் அடுத்த புரட்டாதியில. அதுக்கு வாங்கோ."

பதினொரு மாதம். என் தொண்டைக்குள் பேரம் வரிசையில் வந்து நின்றது. கார்த்திகை விளக்கீடு, நத்தார்ப் பண்டிகை, ஒரு மாதம், ஒன்றரை. வாயைத் திறந்தேன். மூடினேன்.

"சரிங்க டீச்சர்," என்றேன்.

அவள் என்னைப் பார்த்தாள். அந்த மூன்று நாளில் முதல் தரமாக, சாமானைத் திருப்பிப் பார்க்கிற மாதிரி, நின்று பார்த்தாள்.

"குறைச்சுக் கேக்க மாட்டீங்களோ?"

"கொறைக்கலாம்னா நீங்க மொதலே கொறைச்சுத்தானே சொல்லியிருப்பீங்க."

பஸ் அசைந்தது. கொண்டக்டர் கத்திக்கொண்டே ஏறினான். நான் பின்வாங்கி வழி விட்டேன். பஸ் நிலையத்து வளைவில் திரும்பும்போது, ஜன்னலால் முதலில் கைத்தடியின் பூண் வந்தது, பிறகு அவள் தலை வந்தது.

"தைப்பொங்கலுக்கு வாங்கோ!" என்று கத்தினாள். "ஐஞ்சரைக்கு!"

காலையா மாலையா என்று கேட்பதற்குள் பஸ் போய்விட்டது. இரண்டுக்கும் போய் நிற்கலாம் என்று இருக்கிறேன். இடையில் செய்வதற்கு ஒரு வேலை இருந்தது. பசறைக்குப் போய்ச் சுவரிலிருந்து படத்தைக் கழற்றி, இத்ரூஸ் நானாவிடம் பழைய சேலை ஒன்று கேட்டு வாங்கி அதில் சுற்றினேன்.

"எவ்வளவுக்குடா முடிஞ்சது?" என்றார் இத்ரூஸ் நானா.

"இன்னும் முடியல நானா," என்றேன். படத்தைத் தோளில் வைத்துக்கொண்டு கறுப்புப் பால பஸ்ஸுக்கு ஓடினேன்.